சர்க்கரை போட்டா கட்டி செல்லோட மூச்சு ஏன் இறங்குது? கிராப்ட்ரீ விளைவைப் புரிஞ்சுக்கவும் அளந்து பாக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

கேன்சர் செல் சர்க்கரையை அள்ளித் தின்னும்னு கேள்விப்படாதவங்க இல்ல, வாட்ஸ்அப்லயே தினம் ஒன்னு வருது. ஆனா அந்தக் கதையோட இன்னொரு பாதியை யாரும் பெருசா பேசறதில்ல. குளுக்கோஸ் இல்லாத மீடியத்துல, அதாவது செல்லை வெக்கற கரைசல்ல, கட்டி செல்லை வெச்சு, அது ஆக்சிஜன் எடுக்கற வேகத்தை அளந்துட்டே இருந்து, நடுவுல குளுக்கோஸ் போட்டீங்கன்னா சில நிமிஷத்துல ஆக்சிஜன் எடுக்கறது குறையும். சுத்தி ஆக்சிஜன் தாராளமா இருக்கு, செல்லுக்குள்ள ஆக்சிஜனை வெச்சு எரிபொருளை எரிக்கற மைட்டோகாண்ட்ரியாவும் நல்லாதான் இருக்கு, ஆனாலும் மூச்சு இறங்குது. சாப்பாடு போட்டா மூச்சு ஏறணும்னுதானே நினைப்போம், இங்க நேர் எதிரா நடக்குது. இதுக்குத்தான் கிராப்ட்ரீ விளைவுன்னு பேர்.

இதை எழுதறதுக்கு ஒரே காரணம்தான். கட்டி செல்லோட சுவாசம் கம்மியா இருக்குன்னு ஒரு கிராஃபைப் பாத்த உடனே "மைட்டோகாண்ட்ரியா பழுது" அப்படின்னு தீர்ப்பு எழுதிடறாங்க, தீசிஸ்லயும் எழுதறாங்க, கான்ஃபரன்ஸ் போஸ்டர்லயும் எழுதறாங்க. அந்த மீடியத்துல எவ்வளவு சர்க்கரை இருந்துச்சுன்னு யாரும் கேக்கறதில்ல. முதல்ல அதைக் கேளுங்க. பாதி நேரம் பதில் அங்கயே இருக்கும்.

எம்எஸ்சி, பிஎச்டி பண்றவங்க, லேப்ல ஆக்சிஜன் அளக்கற வசதி இருக்கறவங்க வரிசையா படிங்க. வீட்ல யாருக்காவது கேன்சர் வந்து சர்க்கரை சாப்பிடலாமா கூடாதான்னு குழம்பி நிக்கறவங்க எட்டாவது படிக்கு நேரா போயிடுங்க, அது உங்களுக்காகத்தான் எழுதினது.

படி 1: மூணு விளைவையும் போட்டுக் குழப்பிக்காதீங்க

முதல்ல பாஸ்டர் விளைவு. 1861ல லூயி பாஸ்டர் ஈஸ்ட்ல பாத்தது. ஆக்சிஜன் கொடுத்தா நொதித்தல் குறையும். அதாவது சுவாசம் சர்க்கரை உடைப்பை அடக்குது.

அடுத்தது வார்பர்க் விளைவு. 1920கள்ல பெர்லின் டாலெம்ல ஓட்டோ வார்பர்க், எலியோட கட்டியை மெல்லிசா சீவி மானோமீட்டர்ங்கற வாயு அழுத்தம் அளக்கற கருவியில வெச்சு அளந்தாரு. ஆக்சிஜன் இருக்கும்போதும் அந்தக் கட்டி குளுக்கோஸை முழுசா எரிக்காம லாக்டேட்டா மாத்தித் தள்ளுது. உயிரோட இருக்கற உடம்புலயும் இப்படித்தானான்னு ஒரு சந்தேகம் இருந்துச்சு, 1925ல கார்ல் கோரி, கெர்ட்டி கோரி ரெண்டு பேரும் ஒரு பக்கச் சிறகுல ரவுஸ் சார்கோமாங்கற கட்டி வந்த கோழியை எடுத்து ரெண்டு சிறகுல இருந்து வர்ற ரத்தத்தையும் ஒப்பிட்டாங்க, கட்டி இருக்கற பக்கத்துல குளுக்கோஸ் கம்மி, லாக்டேட் அதிகம். ரொம்ப அழகான சோதனை அது, ஒரே பறவையே தனக்குத்தானே கண்ட்ரோல்.

மூணாவதுதான் நம்ம விஷயம். 1929ல ஹெர்பர்ட் கிராப்ட்ரீ லண்டன்ல கட்டித் துண்டுகளை வெச்சு வேலை பாத்தப்ப, குளுக்கோஸ் இருந்தா கட்டியோட சுவாசம் குறையுதுன்னு கவனிச்சாரு. இது பாஸ்டர் விளைவுக்கு அப்படியே எதிர்த்திசை, இங்க சர்க்கரை உடைப்புதான் சுவாசத்தை அடக்குது.

வார்பர்க் விளைவு செல்லோட நிலையான குணம், மரபணு அளவுல ஊறினது, நாள் கணக்குல இருக்கும். கிராப்ட்ரீ விளைவு நிமிஷக் கணக்கு விஷயம், சர்க்கரை வந்தா வரும், சர்க்கரை தீர்ந்தா போயிடும். திரும்பிப் போகுதுங்கறதுதான் இதுல முக்கியமே. பழுதான ஒரு மெஷின் சர்க்கரை தீர்ந்ததும் தானா ரிப்பேர் ஆகாது இல்லையா.

வார்பர்க் கடைசி வரைக்கும், 1956ல எழுதின கட்டுரையிலயும், கேன்சருக்கு மூலகாரணமே சுவாசம் சரிபண்ண முடியாத அளவுக்குக் கெட்டுப்போறதுதான்னு சாதிச்சாரு. அதே வருஷம் சிட்னி வைன்ஹவுஸ் அதை மறுத்தாரு, கட்டி செல்லுல சுவாசம் நல்லாவே நடக்குது, லாக்டேட் அதிகமா வருதுங்கறதுக்காக சுவாசம் கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்லன்னு. இந்த விவாதத்துல வைன்ஹவுஸ் பக்கம்தான் நியாயம் இருந்துச்சுன்னு நான் நினைக்கறேன், அதுக்குப்பிறகு வந்த ஆதாரங்களும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் நிக்குது.

படி 2: செல்லுக்குள்ள இருக்கற கணக்கு

ஒரு சின்ன ஏற்பாடு. செல்லுக்கு சக்தி தர்ற அடினோசின் ட்ரைபாஸ்பேட்டை ஏடிபின்னு எழுதறேன், அடினோசின் டைபாஸ்பேட்டை டைபாஸ்பேட்னு முழுசா எழுதறேன், சுருக்கினா ரெண்டும் ஒரே மாதிரி வந்து குழப்பிடும்.

குளுக்கோஸ் உள்ள வந்ததும் ஹெக்சோகைனேஸ்ங்கற என்சைம் அதுக்கு ஒரு பாஸ்பேட்டை மாட்டும், அப்படியே படிப்படியா உடைஞ்சு பைருவேட் ஆகும், இந்தச் சர்க்கரை உடைப்புக்குத்தான் கிளைக்காலிசிஸ்னு பேர். நிகரமா 2 ஏடிபி கிடைக்கும். அந்த பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள போய் முழுசா எரிஞ்சா மொத்தம் 30ல இருந்து 32 ஏடிபி வரைக்கும் தேறும். லாக்டேட்டா வெளிய போயிட்டா அந்த 2தான்.

இங்க எல்லாரும் கவனிக்காம தாண்டிப் போற ஒரு விஷயம் இருக்கு. ஏடிபி எங்க தயாரானாலும் அதுக்கு ரெண்டு கச்சாப்பொருள் வேணும், டைபாஸ்பேட் ஒன்னு, பாஸ்பேட் இன்னொன்னு. மைட்டோகாண்ட்ரியாவும் கிளைக்காலிசிஸும் ஒரே செல்லுல இருக்கற இந்த ரெண்டையும்தான் பங்கு போட்டுக்கணும். மைட்டோகாண்ட்ரியாவுக்கு டைபாஸ்பேட் வரலைன்னா ஏடிபியைத் தயாரிக்கற ஏடிபி சிந்தேஸ் சுத்தாது, அது சுத்தலைன்னா புரோட்டான் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினா எரிபொருள்ல இருந்து ஆக்சிஜனுக்குப் போற எலக்ட்ரான் ஓட்டம் மெதுவாகும், எலக்ட்ரான் ஓட்டம் மெதுவானா ஆக்சிஜன் செலவு குறையும். ஆக்சிஜன் செலவைத்தான் நாம சுவாசம்னு அளக்கறோம். அதனால சுவாசம் குறையறதுக்கு மைட்டோகாண்ட்ரியாவுல ஒரு ஸ்க்ரூகூட கழண்டிருக்க வேண்டியதில்ல, கச்சாப்பொருள் வரத்து குறைஞ்சாலே போதும்.

இன்னொன்னு, குளுக்கோஸ் போடறதுக்கு முன்னாடி செல் எதை எரிச்சு சுவாசிச்சுட்டு இருந்துச்சு? பெரும்பாலும் குளூட்டமின்ங்கற அமினோ அமிலம், கொஞ்சம் கொழுப்பு அமிலம். ஹீலாங்கற கேன்சர் செல்லுக்கு முக்கிய எரிபொருள் சர்க்கரை இல்ல, குளூட்டமின்தான்னு 1979லயே காட்டிட்டாங்க. கட்டி செல்னாலே சர்க்கரை மட்டும்தான்னு நினைக்கறவங்க இதை ஞாபகம் வெச்சுக்கணும்.

படி 3: மூச்சு ஏன் இறங்குது

இதுதான் இந்த விஷயத்தோட நெஞ்சுப்பகுதி, நிதானமா படிங்க.

பழைய விளக்கம், இன்னைக்கும் கட்டி செல்லுக்கு நல்லாப் பொருந்தற விளக்கம், போட்டி. தெருக்குழாய்ல தண்ணி ஒரே அளவுதான் வருது, ரெண்டு வீட்டுக்காரங்க குடம் வெக்கறாங்க, ஒருத்தர் திடீர்னு பெரிய டிரம்மைக் கொண்டுவந்து வெச்சா அடுத்தவருக்கு வர்றது குறையும். குளுக்கோஸ் போட்டதும் கிளைக்காலிசிஸ் அந்த டிரம்மோட வந்து நிக்குது. கிளிசரால்டிஹைடு பாஸ்பேட் டீஹைட்ரஜனேஸ்ங்கற படியில பாஸ்பேட்டை எடுக்குது, அதுக்கு அடுத்து பாஸ்போகிளிசரேட் கைனேஸ், கடைசியில பைருவேட் கைனேஸ், இந்த ரெண்டும் டைபாஸ்பேட்டை எடுக்குது. அது போதாதுன்னு, வேகமா உள்ள வந்த சர்க்கரை ஃப்ரக்டோஸ் 1,6-பிஸ்பாஸ்பேட் மாதிரி வடிவத்துல குவிஞ்சு நிக்கும், அதுக்குள்ளயும் பாஸ்பேட் மாட்டிக்கும். 1950கள் கடைசியில ரே வூ, எஃப்ரைம் ராக்கர் ரெண்டு பேரும் அசைட்டிஸ் கட்டி செல்லுல (வயித்துத் திரவத்துல மிதந்து வளர்ற கட்டி செல்) இந்தப் பாஸ்பேட், டைபாஸ்பேட் தட்டுப்பாட்டை விரிவா ஆராய்ஞ்சாங்க.

அதே காலத்துல பிரிட்டன் சான்ஸும் பென்னோ ஹெஸ்ஸும் எர்லிக் அசைட்டிஸ்ங்கற எலிக் கட்டி செல்லுல இன்னும் நுணுக்கமா பாத்தாங்க. குளுக்கோஸ் போட்ட உடனே சுவாசம் முதல்ல ஏறுது, கொஞ்ச நேரம்தான், அதுக்கப்புறம்தான் இறங்குது. ஏன் ஏறுது? ஹெக்சோகைனேஸ் முதல் வேலையா ஏடிபியைச் செலவு பண்ணி டைபாஸ்பேட்டை உண்டாக்குது, அது மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய் அதை முடுக்குது. அப்புறம் கிளைக்காலிசிஸோட பின்பாதி வேகம் பிடிச்சு டைபாஸ்பேட்டை இழுத்துக்கும்போது சுவாசம் அடங்குது. ஏறி இறங்கற இந்த வடிவம் உங்க கிராஃப்ல தெரிஞ்சா அது போட்டி விளக்கத்துக்கு நல்ல சாட்சி.

இது மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாது, வேற சில வழிகளும் இருக்கு. 2008ல வந்த ஒரு ஆய்வு, அந்த ஃப்ரக்டோஸ் 1,6-பிஸ்பாஸ்பேட்டே தனியா எடுத்த மைட்டோகாண்ட்ரியாவுல ஆக்சிஜன் வரைக்கும் எலக்ட்ரானைக் கடத்தற எலக்ட்ரான் சங்கிலியோட மூணாவது, நாலாவது காம்ப்ளெக்ஸை (புரோட்டீன் தொகுப்பு) அடக்கக்கூடும்னு சொன்னுச்சு, ஈஸ்ட்லயும் எலி ஈரல்லயும் பாத்தாங்க. இது உண்மைன்னா விஷயம் வரத்து தட்டுப்பாடு மட்டுமில்ல, நேரடியா பிரேக்கும் போடுது. இது இல்லாம லாக்டேட்டோட வெளிய வர்ற அமிலத்தன்மை, மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள கால்சியம் அளவு மாறறது, ஹெக்சோகைனேஸ் 2 போய் மைட்டோகாண்ட்ரியாவோட வெளிச்சவ்வுல ஒட்டிக்கிட்டு அங்க வர்ற ஏடிபியை வாசல்லயே வாங்கிக்கறது, இப்படிப் பல பேச்சு இருக்கு. என் பார்வையில செல் வகைக்கு வகை இதோட கலவை மாறும், ஒரே விளக்கத்தை எல்லாச் செல்லுக்கும் பூசறது சரியில்ல. அதனாலதான் ஏழாவது படியில எது நடக்குதுன்னு பிரிச்சுப் பாக்கற வழியைச் சொல்லியிருக்கேன்.

கேன்சருக்கு மட்டும் உள்ள குணமும் இல்ல இது. நம்ம பேக்கரி ஈஸ்ட், சாக்கரோமைசிஸ் செரவிசியே, சர்க்கரை நிறைய இருந்தா ஆக்சிஜன் இருக்கும்போதே ஆல்கஹால் பண்ணும். குளூவெரோமைசிஸ் லாக்டிஸ் ஈஸ்ட் அப்படிப் பண்ணாது. வேகமா பெருகற தைமஸ் செல்லுலயும் இந்த விளைவு உண்டு. வேகமா கிளைக்காலிசிஸ் ஓட்டற திறமை எங்க இருக்கோ அங்க இது வர வாய்ப்பு உண்டு.

படி 4: செல்லையும் மீடியத்தையும் தயார் பண்றது

சோதனை கெடறது பெரும்பாலும் இங்கதான், மெஷின்ல இல்ல.

உங்க கல்ச்சர் ரூம்ல இருக்கற டிஎம்இஎம்ங்கற மீடியம் பாட்டில் எதுன்னு பாருங்க. ஹை குளுக்கோஸ்னா லிட்டருக்கு 4.5 கிராம், 25 மில்லிமோலார். இதையே ரத்தச் சர்க்கரை கணக்குல சொன்னா டெசிலிட்டருக்கு 450 மில்லிகிராம். நம்ம வீட்ல ஒருத்தருக்கு சுகர் 450ன்னு ரிப்போர்ட் வந்தா என்ன பண்ணுவோம்? உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். ஆனா உலகம் முழுக்க கேன்சர் செல்லை அந்த அளவுலதான் வருஷக் கணக்கா வளத்துட்டு, அதோட சுவாசம் கம்மியா இருக்குன்னு ஆச்சரியப்படறோம். லோ குளுக்கோஸ் டிஎம்இஎம் 5.5 மில்லிமோலார், சாப்பிடாம எடுக்கற நார்மல் ரத்தச் சர்க்கரைக்குப் பக்கம். ஆர்பிஎம்ஐ 1640ங்கற இன்னொரு மீடியத்துல 11 மில்லிமோலார்.

சோதனைக்கு முன்னாடி ரெண்டு மூணு பாசேஜாவது (புது ப்ளேட்டுக்குப் பிரிச்சு மாத்தறது) செல்லை 5.5ல வளத்துப் பாருங்க, முடிஞ்சா 25ல வளந்த செட்டும் பக்கத்துல வெச்சுக்கங்க, ஒப்பிட வசதியா இருக்கும். மைக்கோபிளாஸ்மா டெஸ்ட் பண்ணாம ஆரம்பிக்காதீங்க, அந்த ஒட்டுண்ணியும் மெட்டபாலிசத்தைக் கலைக்கும்.

அளக்கற மீடியம் தனி. குளுக்கோஸ் இல்லாதது, பைகார்பனேட் இல்லாதது, பிஎச் 7.4க்கு 37 டிகிரியில வெச்சே சரி பண்ணது. 2 மில்லிமோலார் குளூட்டமின் கண்டிப்பா போடுங்க. இதை விட்டுட்டா செல்லுக்கு எரிக்க ஒன்னும் இருக்காது, ஆரம்ப சுவாசமே தரையில கிடக்கும், அப்புறம் குளுக்கோஸ் போட்டா பைருவேட் கிடைச்ச சந்தோஷத்துல சுவாசம் ஏறும், நீங்க "எங்க செல்லுல கிராப்ட்ரீ விளைவே இல்ல"ன்னு எழுதிடுவீங்க. பைகார்பனேட் இல்லாததால இந்தப் ப்ளேட்டை கார்பன் டைஆக்சைடு இன்குபேட்டர்ல வெக்கக்கூடாது, கார்பன் டைஆக்சைடு இல்லாத 37 டிகிரி இன்குபேட்டர்ல முக்கால் மணி நேரத்துல இருந்து ஒரு மணி நேரம்.

படி 5: கிளார்க் எலக்ட்ரோடு இருந்தா

நிறைய காலேஜ்ல புது மெஷின் இருக்காது, ஆனா பழைய கிளார்க் எலக்ட்ரோடு ஒரு மூலையில இருக்கும். அதைக் குறைச்சு நினைக்காதீங்க, இந்த விளைவோட நேர வடிவத்தைப் பாக்க அதுதான் சரியான கருவி. லீலேண்ட் கிளார்க் 1950கள்ல செஞ்சது, பிளாட்டினம் கேத்தோடுல ஆக்சிஜன் குறைக்கப்படும்போது வர்ற கரண்ட்டை அளக்கும்.

புது மெம்ப்ரேன் மாட்டுங்க, அடியில காத்துக் குமிழி இருந்தா திரும்ப மாட்டுங்க. 37 டிகிரியில காத்து நிறைஞ்ச தண்ணியில மேல் ரீடிங் எடுங்க, அதுல ஆக்சிஜன் சுமார் 210 மைக்ரோமோலார் இருக்கும். கொஞ்சம் சோடியம் டைதயோனைட் போட்டு ஜீரோ எடுங்க, அதுக்கப்புறம் சேம்பரை நல்லா, ரொம்ப நல்லா கழுவுங்க, டைதயோனைட் துளி மிச்சம் இருந்தாலும் அடுத்த ரீடிங் பொய்.

செல்லை ட்ரிப்சின்ல எடுத்து, கழுவி, அளக்கற மீடியத்துல மில்லிக்கு அஞ்சுல இருந்து பத்து மில்லியன் இருக்கற மாதிரி சேம்பர்ல விடுங்க. காத்துக் குமிழி இல்லாம மூடுங்க. சாய்வுக்கோடு நேரா வர்ற வரைக்கும் விடுங்க, அதுதான் ஆரம்ப சுவாசம். அப்புறம் ஹாமில்டன் சிரிஞ்ச்ல கெட்டியான குளுக்கோஸ் கரைசல், முடிவுல 10 மில்லிமோலார் வர்ற மாதிரி, சின்ன அளவுல செலுத்துங்க. முதல் ஒன்னு ரெண்டு நிமிஷத்தை உன்னிப்பா பாருங்க, கோடு கொஞ்சம் செங்குத்தாகி அப்புறம் படுக்கும். ஆக்சிஜன் பாதிக்கும் கீழ போறதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சிடுங்க, செல் அதிகமா போட்டா அது சீக்கிரமே தீர்ந்துடும், கடைசியில வர்ற சரிவை விளைவுன்னு நினைச்சு ஏமாந்துடாதீங்க.

இதே சோதனையை குளுக்கோஸுக்குப் பதிலா மானிட்டால் 10 மில்லிமோலார் போட்டு ஒரு தடவை பண்ணணும். செல்லு மானிட்டாலைச் சாப்பிடாது. அதுலயும் மூச்சு இறங்குச்சுன்னா உங்க பிரச்சனை ஆஸ்மோட்டிக் அழுத்தமோ கரைசலோட வெப்பநிலையோதான், மெட்டபாலிசம் இல்ல.

படி 6: சீஹார்ஸ் மாதிரி ப்ளேட் மெஷின் இருந்தா

இது ஆக்சிஜன் செலவையும் அமிலம் வர்ற வேகத்தையும் ஒரே நேரத்துல அளக்கற மெஷின். 96 வெல் (சின்னக் குழி) ப்ளேட்ல, ஒட்டி வளர்ற செல்லா இருந்தா வெல்லுக்கு 10,000ல இருந்து 20,000 செல் முந்தின நாள் விதைங்க, எண்ணிக்கையை உங்க செல்லுக்கு ஏத்த மாதிரி முன்னாடியே சோதிச்சு வெச்சுக்கங்க. நாலு மூலை வெல்லும் செல் இல்லாம பேக்ரவுண்டுக்கு. சென்சார் கார்ட்ரிட்ஜை முந்தின ராத்திரியே ஊற வைக்கணும், மறந்தா அடுத்த நாள் வேலை இல்ல.

கம்பெனி கொடுக்கற ரெடிமேட் கிட் முறை ரெண்டு உண்டு, ஒன்னு கிளைக்காலிசிஸுக்கு, ஒன்னு மைட்டோகாண்ட்ரியாவுக்கு. கிராப்ட்ரீ விளைவைப் பாக்க நான் ரெண்டையும் கலந்து இப்படி வெக்கச் சொல்வேன்: வெல்லுல 180 மைக்ரோலிட்டர் மீடியம். போர்ட்னா மருந்து விடற துளை. ஏ போர்ட்ல குளுக்கோஸ் 20 மைக்ரோலிட்டர், பி போர்ட்ல ஏடிபி சிந்தேஸை நிறுத்தற ஒலிகோமைசின் 22, சி போர்ட்ல புரோட்டான் அழுத்தத்தைத் திறந்து விடற எஃப்சிசிபி 25, டி போர்ட்ல எலக்ட்ரான் சங்கிலியை நிறுத்தற ரோட்டினோனும் ஆன்டிமைசின் ஏயும் 27. எல்லாமே பத்து மடங்கு கெட்டியா. முடிவுல குளுக்கோஸ் 10 மில்லிமோலார், ஒலிகோமைசின் 1 மைக்ரோமோலார், எஃப்சிசிபி 0.5ல இருந்து 2 மைக்ரோமோலாருக்குள்ள உங்க செல்லுக்கு எது பொருந்துதோ அது, கடைசி ரெண்டும் தலா 0.5 மைக்ரோமோலார்.

ஏ போர்ட்ல குளுக்கோஸ் போகாம மானிட்டால் போற வெல், வெறும் மீடியம் போற வெல், ரெண்டும் கட்டாயம். இன்னொரு செட்டுல ஒலிகோமைசினை விட்டுட்டு நேரா எஃப்சிசிபி போடுங்க, ஏன்னா பல கட்டி செல்லுல ஒலிகோமைசினுக்குப் பிறகு எஃப்சிசிபி போட்டா உச்ச சுவாசம் உண்மையை விடக் கம்மியா வரும்.

ரெண்டு எச்சரிக்கை. ஒன்னு, இந்த மெஷின் ஒவ்வொரு ரீடிங்குக்கும் கலக்கி அளந்துன்னு சில நிமிஷம் எடுத்துக்கும், அதனால முதல்ல வர்ற அந்தச் சின்ன ஏற்றம் பெரும்பாலும் தப்பிச்சுடும், இறக்கம் மட்டும்தான் தெரியும். இன்னொன்னு, அமில வேகம்னு மெஷின் காட்டறது முழுக்க லாக்டேட் இல்ல, சுவாசத்துல வர்ற கார்பன் டைஆக்சைடும் தண்ணியில கரைஞ்சு அமிலம் ஆகும். அதனால மேல் மீடியத்தை எடுத்து லாக்டேட்டைத் தனியா கிட்ல அளங்க, ரொம்பச் செலவு இல்ல, ரிவ்யூவர் கேக்கறதுக்கு முன்னாடி கையில இருக்கட்டும்.

முடிஞ்சதும் அதே ப்ளேட்லயே டிஎன்ஏ சாயம் போட்டோ புரோட்டீன் அளந்தோ ரீடிங்கை சரி பண்ணுங்க. அது இல்லாம வெல்லுக்கு வெல் ஒப்பிடறது வீண்.

படி 7: ரிசல்ட்டைப் படிக்கறது

குளுக்கோஸ் போட்டதும் சுவாசம் இறங்கி, எஃப்சிசிபி போட்டதும் நல்லா மேல ஏறுதா? அப்போ எலக்ட்ரான் சங்கிலி நல்லா இருக்கு, எரிபொருளும் இருக்கு. தடை இருந்தது ஏடிபி தயாரிக்கற பக்கத்துல, அதாவது டைபாஸ்பேட், பாஸ்பேட் தட்டுப்பாடு. எஃப்சிசிபி புரோட்டான் அழுத்தத்தைத் திறந்து விட்டுடும், டைபாஸ்பேட் தயவு இல்லாமலே எலக்ட்ரான் ஓடும், அதனாலதான் இந்தச் சோதனை இவ்வளவு தெளிவா பிரிச்சுக் காட்டுது. பழைய அசைட்டிஸ் செல் சோதனைகள்லயும் எஃப்சிசிபி மாதிரி அழுத்தத்தைத் திறந்து விடற அன்கப்ளர் போட்டா அடங்கின சுவாசம் திரும்ப வந்துச்சு.

குளுக்கோஸ் போட்டதும் இறங்கி, எஃப்சிசிபி போட்டும் மானிட்டால் வெல் அளவுக்கு ஏறலையா? அப்போ சங்கிலியிலயே பிரேக் விழுந்திருக்கலாம், இல்ல எரிபொருள் உள்ள போறது தடைபட்டிருக்கலாம். சவ்வைத் துளைச்ச செல்லுல சக்சினேட் கொடுத்துப் பாருங்க, எந்தக் காம்ப்ளெக்ஸ்னு நெருங்கலாம்.

இறங்கவே இல்லையா? உடனே இல்லன்னு முடிவு கட்டாதீங்க. குளூட்டமின் பழசா, மீடியத்துல ஏற்கனவே சர்க்கரை கலந்திருக்கா, செல் ரொம்ப நேரம் பட்டினியில இருந்துச்சான்னு பாருங்க. எல்லாம் சரின்னா அந்தச் செல்லுக்கு விளைவு சின்னதா இருக்கலாம், எர்லிக் செல் மாதிரி பெருசா எல்லாச் செல்லுலயும் வராது.

2-டீஆக்ஸிகுளுக்கோஸ் போட்டா கிளைக்காலிசிஸ் நிக்கும், அதனால சுவாசம் திரும்பணும்னு ஒரு எதிர்பார்ப்பு இருக்கும். அது அவ்வளவு நேரா இல்ல. ஹெக்சோகைனேஸ் அதுக்கும் பாஸ்பேட்டை மாட்டி வெச்சுடும், அதுக்கு மேல போக முடியாம குவியும், ஏடிபியும் பாஸ்பேட்டும் அதுல முடங்கும், அதனால அதுவே சுவாசத்தை அடக்கலாம். இதை வெச்சு மட்டும் எதையும் நிரூபிக்கப் பாக்காதீங்க.

கூடுதலா ஒரு சோதனை, கேலக்டோஸ். குளுக்கோஸ் இல்லாத மீடியத்துல 10 மில்லிமோலார் கேலக்டோஸ், குளூட்டமின், டயலைஸ் பண்ண (சின்ன மூலக்கூறுகளை வடிச்சு எடுத்த) சீரம் போட்டு செல்லைப் பழக்குங்க. சாதா சீரத்துலயே குளுக்கோஸ் இருக்கும், அதனாலதான் டயலைஸ் பண்ணது. கேலக்டோஸ் மெதுவாத்தான் உடையும், அதனால செல்லு மைட்டோகாண்ட்ரியாவை நம்பியே ஆகணும். 2007ல ஹெப்ஜி2ங்கற ஈரல் கேன்சர் செல்லுல காட்டினாங்க, குளுக்கோஸ்ல வளந்தப்ப மைட்டோகாண்ட்ரியா விஷத்துக்கு அசராத அதே செல்லு கேலக்டோஸ்ல வளந்தப்ப அதே மருந்துக்கு விழுந்துடுச்சு. மருந்து பாதுகாப்பு சோதனையில இதுக்கு எவ்வளவு அர்த்தம் இருக்குன்னு யோசிங்க. 25 மில்லிமோலார் சர்க்கரையில மட்டும் சோதிச்சா மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கற மருந்து ஒன்னு "பாதுகாப்பானது"ன்னு தாண்டிப் போயிடலாம்.

படி 8: அப்போ சர்க்கரையை நிறுத்தினா கட்டி பட்டினியில சாகுமா?

சாகாது. இதை அழுத்தமா சொல்றேன், ஏன்னா இந்த நம்பிக்கையால சாப்பாட்டை நிறுத்தி உடம்பு உருகிப்போற நோயாளிங்க நிறைய.

நீங்க சர்க்கரை சாப்பிடலைன்னாலும் ஈரல் அமினோ அமிலத்துல இருந்தும் லாக்டேட்ல இருந்தும் கிளிசரால்ல இருந்தும் குளுக்கோஸ் தயாரிச்சு ரத்தத்துல அளவைப் பிடிச்சு வெச்சிருக்கும். மூளைக்கும் சிவப்பணுவுக்கும் அது வேணும். அப்படியே குளுக்கோஸ் குறைஞ்சாலும், மேல சொன்ன மாதிரி சர்க்கரை குறைஞ்சா கட்டி செல்லோட சுவாசம் ஏறும், குளூட்டமின்ங்கற அமினோ அமிலத்தையும் கொழுப்பையும் எரிச்சுக்கும். டல்லாஸ்ல நுரையீரல் கேன்சர் நோயாளிங்களுக்கு ஆபரேஷன் நேரத்துல கார்பன் 13 போட்ட குளுக்கோஸை ஏத்தி, வெளிய எடுத்த கட்டியைச் சோதிச்சாங்க, 2016ல வெளியாச்சு, மனுஷ உடம்புக்குள்ள இருக்கற கட்டி குளுக்கோஸை முழுசா ஆக்சிஜனோட எரிக்கவும் செய்யுதுன்னு தெரிஞ்சுது.

பெட் ஸ்கேன்ல கட்டி பளிச்னு தெரியறதைக் காட்டி "பாருங்க, சர்க்கரைதான் கேன்சருக்குத் தீனி"ன்னு சொல்வாங்க. அந்த ஸ்கேன்ல கொடுக்கறது ஃப்ளோரின் 18 மாட்டின டீஆக்ஸிகுளுக்கோஸ், அதோட கதிரியக்கம் 110 நிமிஷத்துல பாதியாயிடும். செல்லு அதை உள்ள இழுத்து ஹெக்சோகைனேஸ்ங்கற என்சைம் பாஸ்பேட் மாட்டிப் பூட்டுதுங்கறதை மட்டும்தான் அது காட்டும். அதுக்கப்புறம் அந்தக் கட்டி எவ்வளவு சுவாசிக்குதுன்னு ஸ்கேன் சொல்லாது.

நீரிழிவு இருந்தா சர்க்கரையைக் கட்டுப்பாட்டுல வெக்கறது நல்லது, இனிப்பைக் குறைக்கறதும் நல்லது, அதுல யாருக்கும் சண்டை இல்ல. ஆனா கீமோ போயிட்டு இருக்கும்போது எடை இறங்கறது ஆபத்து, சோறு, இட்லி, பழம்னு எல்லாத்தையும் நிறுத்தணும்னு தோணினா அதுக்கு முன்னாடி உங்க ஆன்காலஜி டாக்டர்கிட்டயும் டயட்டீஷியன்கிட்டயும் கேளுங்க. டைகுளோரோஅசிடேட்னு ஒன்னு, பைருவேட்டை மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள தள்ளும்னு சொல்லி இணையத்துல விக்கறாங்க. லேப்ல அது நல்ல கருவி, ஆனா வீட்ல வாங்கிச் சாப்பிடற பொருள் இல்ல, நரம்பு பாதிப்பு வரலாம்.

ஆராய்ச்சியில நம்பிக்கை தர்ற வழி வேற மாதிரி போகுது. கட்டிக்குள்ள குளுக்கோஸ் ரத்தத்துல இருக்கறதை விடக் கம்மி. 2014ல அமெரிக்காவோட வைட்ஹெட் இன்ஸ்டிட்யூட்ல 0.75 மில்லிமோலார்ல குளுக்கோஸை நிலையா பிடிச்சு வெச்சு பல கேன்சர் செல்லை வளத்தாங்க. சுவாசத்தை ஏத்திக்க முடிஞ்ச செல்லு தாங்கிச்சு, மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ மாற்றத்தால எலக்ட்ரான் சங்கிலியோட முதல் காம்ப்ளெக்ஸ் பலவீனமா இருந்த செல்லு தடுமாறிச்சு, முதல் காம்ப்ளெக்ஸைத் தாக்கற மெட்ஃபார்மின் வகை மருந்து அந்தச் செல்லை அதிகமா பாதிச்சுது. இந்த வித்தியாசம் 25 மில்லிமோலார்ல வளத்தா கண்ணுலயே படாது, சர்க்கரை எல்லாத்தையும் மூடி மறைச்சுடும்.

படி 9: எழுதும்போது

மெத்தட்ஸ் பகுதியில "டிஎம்இஎம்ல வளர்த்தோம்"னு மட்டும் எழுதிட்டு போகாதீங்க. வளர்த்த மீடியத்துல குளுக்கோஸ் எத்தனை மில்லிமோலார், அளந்த மீடியத்துல எத்தனை, குளூட்டமின் எவ்வளவு, பைருவேட் இருந்துச்சா, சீரம் டயலைஸ் பண்ணதா, அளக்கறதுக்கு எவ்வளவு நேரம் முன்னாடி மீடியம் மாத்தினீங்க, எல்லாத்தையும் எழுதுங்க. செல் அடர்த்தியா இருந்தா ராத்திரிக்குள்ளயே குளுக்கோஸைத் தின்னு தீத்திருக்கும், அதனால மாத்தறதுக்கு முன்னாடி பழைய மீடியத்துல எவ்வளவு மிச்சம்னு ஒரு ரீடிங் எடுத்து வெச்சுக்கங்க, வீட்ல சுகர் பாக்கற குளுக்கோமீட்டர்லயே தோராயமா தெரிஞ்சுடும், பேப்பர்ல போடற நம்பருக்கு மட்டும் சரியான என்சைம் கிட்ல அளந்துக்கங்க.